நினைவு நாளுக்கு சாப்பாடு போட்டாச்சு, அப்புறம்? பார்வையற்ற ஓட்டக்காரர்களுக்குத் துணையாக ஓட ஒரு முழு வழிகாட்டி

வீட்டில் ஒருவர் தவறி ஒரு வருஷம் ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். திதி கொடுப்போம், பேருந்து நிலையத்துக்கு எதிரே முதலாம் ஆண்டு நினைவஞ்சலி பேனர் வைப்போம், சொந்தத்தில் யாராவது ஒருத்தர் "கண்ணு தெரியாத பிள்ளைங்களுக்கு ஒரு வேளை சாப்பாடு போட்டுடலாம்" என்பார், பிரியாணி அண்டா போகும், போட்டோ எடுப்பார்கள், சாயங்காலம் ஸ்டேட்டஸில் வரும். இதில் தப்பு எதுவும் இல்லை, சாப்பிட்டவர்களுக்கு வயிறு நிறைகிறது. ஆனால் அதே இடத்தில் ஓட்டப் பயிற்சி எடுக்கிற ஒரு பையனிடமோ பெண்ணிடமோ கேட்டுப் பாருங்கள், சாப்பாடு கொண்டுவர ஆள் இருக்கிறது, காலையில் கூட ஓடத்தான் ஆள் கிடைக்கவில்லை என்பார்கள்.

அம்மா போன பிறகு இதற்குள் வந்தவன் நான். என்னைப் போலவே துக்கத்தோடு வந்து நல்ல கைடு, அதாவது துணைக்கு ஓடுகிறவர், ஆனவர்களையும் பார்த்திருக்கிறேன், இரண்டு வாரத்தில் காணாமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டாவது கூட்டத்தில் நீங்கள் சேராமல் இருக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில்: எதற்காக வருகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

நினைவு நாளுக்கு மட்டும் வருவதாக இருந்தால் சாப்பாடே போடுங்கள், அது நேர்மை. ஓட வருவதென்றால் வாரத்தில் இரண்டு காலை, குறைந்தது மூன்று மாதம் என்று மனசுக்குள் ஒத்துக்கொண்டு வாருங்கள். பார்வையற்ற ஒருவர் முன்பின் தெரியாத ஆளின் கையை நம்பி முழு வேகத்தில் ஓட வேண்டுமென்றால் அந்த நம்பிக்கை வரவே சில வாரம் பிடிக்கும். அது வந்த பிறகு நீங்கள் நின்றுவிட்டால் அடுத்த ஆளோடு அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

துக்கம் பச்சையாக இருக்கும்போது வரலாமா என்று கேட்பார்கள். வரலாம். கருமாதி முடிந்த கையோடு வந்தவர்களும் உண்டு. தூக்கமில்லாமல் வந்த அன்றைக்கு மட்டும் உங்கள் கையையும் ஓட்டக்காரர் கையையும் இணைக்கிற கயிற்றைப் பிடிக்காதீர்கள், ஓரமாக நின்று தண்ணீர் கொடுங்கள். கவனம் ஒரு நொடி சிதறினால் விழப்போவது நீங்கள் இல்லை.

ஆட்களை எங்கே தேடுவது

இரண்டு மாவட்டத்திலும் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது, அங்கே போய் "ஓட்டப் பயிற்சி எடுக்கிறவர்களுக்குத் துணையாக ஓட வருகிறேன்" என்று நேரடியாகச் சொல்லுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் போய் நிற்காதீர்கள், அன்றைக்கு உங்களோடு பேச அவர்களுக்கு நேரம் இருக்காது. அடுத்தது மாவட்ட விளையாட்டரங்கம். முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டியும் மாவட்ட அளவில் போட்டி நடத்துவார்கள். அந்த சமயத்தில் மைதானத்துக்குப் போனால் யார் ஓடுகிறார்கள், யார் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று ஒரே நாளில் தெரிந்துவிடும்.

பள்ளி மாணவர்கள் என்றால் தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும், பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், தனியாக எங்கும் கூட்டிப்போகக் கூடாது. உங்களைப் பற்றி விசாரித்தால் கோபப்படாதீர்கள், விசாரிக்காமல் பிள்ளையை விடுகிற இடம்தான் சரியில்லாத இடம். பெண் ஓட்டக்காரருக்குப் பெண் கைடு கிடைத்தால் பல வீடுகளில் சம்மதம் சுலபமாகக் கிடைக்கும். சர்வதேசப் போட்டிகளில் பெண்களுக்கு ஆண் கைடு சகஜம்தான், ஆனால் பாலக்கோட்டிலோ அரூரிலோ ஒரு அம்மாவிடம் போய் அதைச் சொல்லி ஜெயிக்க முடியாது.

முதல் சந்திப்பு

பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். "நான் யாருன்னு கண்டுபிடிங்க பார்க்கலாம்" என்கிற விளையாட்டு வேண்டவே வேண்டாம், அதை அவர்கள் சின்ன வயசிலிருந்து சகித்துக்கொண்டு வருகிறார்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், உங்கள் முழங்கையை நீட்டி "பிடிச்சுக்கிறீங்களா?" என்று கேளுங்கள். அவர் பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் வருவார், உங்கள் உடம்பின் அசைவிலிருந்தே படி, திருப்பம் எல்லாம் அவருக்குத் தெரியும். பேசிக்கொண்டிருக்கும்போது நகர்ந்து போவதாக இருந்தால் சொல்லிவிட்டுப் போங்கள், இல்லையென்றால் அவர் வெறும் காற்றோடு பேசிக்கொண்டிருப்பார். "பார்க்கலாம்", "பார்த்தீங்களா" என்ற சொற்களுக்காகத் தயங்க வேண்டியதில்லை, அவர்களும் நேற்று மேட்ச் பார்த்தேன் என்றுதான் சொல்வார்கள்.

அப்புறம் கேட்க வேண்டியது, எவ்வளவு தெரிகிறது என்பது. இதைக் கேட்பது அநாகரிகம் இல்லை. சிலருக்கு வெளிச்சம் மட்டும் தெரியும், சிலருக்கு நேர் எதிரே மட்டும் தெரிந்து ஓரங்கள் தெரியாது, விழித்திரை நோய் உள்ள பலருக்கு இருட்டியதும் சுத்தமாகத் தெரியாது. அதிகாலை ஐந்து மணிக்கு ஓடுகிற ஆளுக்கும் ஏழு மணிக்கு ஓடுகிற அதே ஆளுக்கும் தேவைப்படும் உதவி வேறு.

போட்டிகளில் இதை வைத்துத்தான் பிரிப்பார்கள். டி11 என்பது ஏறக்குறைய முழுப் பார்வையின்மை, அவர்கள் கண்ணை முழுசாக மறைக்கும் பட்டை கட்டிக்கொண்டு கைடோடுதான் ஓட வேண்டும். டி12 பிரிவில் கைடு வேண்டுமா என்பது ஓட்டக்காரரின் விருப்பம். டி13 பிரிவில் கைடு கிடையாது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் 200 மீட்டரில் வெண்கலம் வாங்கிய சிம்ரன் சர்மா டி12, அவரோடு கயிறு பிடித்து ஓடியவர் அபய் சிங். அதே பாரிஸில் டி11 1500 மீட்டர் ஓடிய ரக்ஷிதா ராஜு நமக்குப் பக்கத்து மாநிலம், சிக்கமகளூரு. சின்ன வயசிலேயே அப்பா அம்மா இரண்டு பேரையும் இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. துக்கத்தோடு மைதானத்துக்கு வருகிற முதல் ஆள் நாம்தான் என்ற நினைப்பு நமக்கு வந்துவிடும். கயிற்றின் மறுமுனையில் இருப்பவர் நம்மைவிடப் பெரிய இழப்பைப் பார்த்தவராக இருக்கலாம்.

கயிறு

போட்டிக்காரர்கள் டெதர் என்பார்கள், நம் மைதானத்தில் கயிறுதான். கடையில் தேட வேண்டாம். மெத்தென்ற பருத்திக் கயிறோ, பழைய ஷூ லேஸ் இரண்டைப் பின்னியதோ போதும், இரண்டு முனையிலும் விரல்கள் நுழைகிற மாதிரி வளையம். இரண்டு கைக்கும் நடுவே ஒரு சாண் அளவு இருந்தால் ஆரம்பத்துக்குச் சரி. ரப்பர், எலாஸ்டிக் கூடாது, இழுபடுகிற கயிற்றில் செய்தி தாமதமாகப் போகும், போட்டியிலும் அனுமதியில்லை. மணிக்கட்டில் இறுக்கிக் கட்டாதீர்கள். நீங்கள் விழுந்தால் அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுவீர்கள்.

எந்தக் கையில் பிடிப்பது என்பதை அவர் சொல்லட்டும். கயிறு கட்டிய இரண்டு கைகளும் ஒன்றாக முன்னே போய் ஒன்றாகப் பின்னே வர வேண்டும், அப்படியென்றால் கால்கள் கண்ணாடியில் தெரிகிற மாதிரி எதிரெதிர். நீங்கள் அவருக்கு இடது பக்கம் என்றால் உங்கள் இடது காலும் அவருடைய வலது காலும் சேர்ந்து விழும். முதலில் நின்ற இடத்திலேயே கை வீசிப் பாருங்கள், அப்புறம் நடை, அப்புறம் மெல்லோட்டம். உங்கள் நடையை அவருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள வேண்டுமே தவிர அவர் உங்களுக்காக மாறக் கூடாது. அதனால்தான் கைடு ஓட்டக்காரரைவிட வேகமாக இருக்க வேண்டும் என்பது. அவர் முழு வேகத்தில் ஓடும்போது மூச்சு வாங்காமல் உங்களால் பேச முடிந்தால்தான் நீங்கள் கைடு. முடியவில்லை என்றால் அவருடைய மெதுவான பயிற்சி நாட்களுக்கு மட்டும் வாருங்கள், அதற்கும் ஆள் தேவைதான்.

வேறொரு கைடோடு சேர்ந்து நீங்களும் ஒருமுறை கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். எந்தச் சொல் பயன்படுகிறது, எது பயன்படவில்லை என்று உடனே புரியும். அதற்காகப் பார்வையின்மை என்றால் என்னவென்று புரிந்துவிட்டதாக நினைத்து அழுதுகொண்டு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டாம்.

குரல்: இதுதான் முக்கியமான வேலை

நம் ஊரில் எல்லோரும் கத்துகிற "பார்த்து! பார்த்து!" இருக்கிறதே, உலகத்திலேயே பயனில்லாத எச்சரிக்கை அதுதான். என்ன வருகிறது, எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் என்று அதில் எதுவுமே இல்லை, கேட்டவர் பயந்து நிற்பார், நின்றால் பின்னால் வருபவர் மோதுவார். "அங்க", "இந்தப் பக்கம்", "அதோ" இவையும் அப்படித்தான்.

முன்கூட்டியே சொற்களைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மேடு, பள்ளம், ஏத்தம், இறக்கம், இடது, வலது, மெதுவா, நில். ஒரு சொல் ஒரே அர்த்தத்துக்கு மட்டும். வேகத்தடை வருகிறதென்றால் "மேடு, மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று எண்ணிக்கொண்டே போய் ஏறும் கணத்தில் முடிக்க வேண்டும். வளைவு என்றால் "வலது வளைவு, லேசா" என்று தொடங்கி, வளைந்து முடித்ததும் "நேர்" என்று சொல்லுங்கள். இந்த "நேர்" பல பேருக்கு மறந்துபோகும், பாவம், ஓடுகிறவர் வளைந்துகொண்டே இருப்பார். "நில்" என்பதை ஆபத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் குடிக்க நிறுத்துவதற்கு வேறு சொல். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் நிறைய, அவசரத்தில் எந்த மொழிக்கு அவர் கால் சட்டென்று கேட்கிறதோ அந்த மொழியில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அந்த எட்டு சொல்லைக் கற்றுக்கொள்வது பெரிய விஷயமா என்ன.

தரையை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடுகிற கைடு தலைக்கு மேலே இருப்பதைத் தவற விடுவார். புளியமரக் கிளை, கடைப் பலகை, லாரியின் நீட்டிய கம்பி, முக்கியமாகத் துணி காயப்போடுகிற கொடி. தெருவுக்குக் குறுக்கே கழுத்து உயரத்தில் கட்டியிருப்பார்கள். ஆபத்து இல்லாத நேரத்தில் சுற்றி என்ன நடக்கிறது என்றும் சொல்லுங்கள், மாந்தோப்பு பூ விட்டிருக்கிறது, ஒருத்தர் எருமையைக் குளிப்பாட்டுகிறார், இப்படி. சிலருக்கு அது பிடிக்கும், சிலர் "அண்ணா, கொஞ்சம் சும்மா வாங்க" என்பார்கள். சும்மா வாருங்கள்.

எங்கே, எப்போது

மாவட்ட விளையாட்டரங்கத்தின் ஓடுபாதைதான் சிறந்த இடம், 400 மீட்டர் சுற்று, வண்டி வராது. சாலையில் பழக வேண்டுமென்றால் கிருஷ்ணகிரி அணைப் பக்கம் விடியற்காலையில் நன்றாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை பகலில் மீன் வறுவல் கூட்டம் வந்துவிடும். நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோடு காலியாகத் தெரிந்தாலும் போகாதீர்கள், எதிர்த் திசையில் வருகிற பைக்குகளுக்கு அங்கே கணக்கே இல்லை, இரைச்சலில் உங்கள் குரலும் கேட்காது. மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரச் சாலைகளில் லாரியும் டிராக்டரும் விடியும் முன்பே ஓட ஆரம்பித்துவிடும். நாய்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, நாய் வந்தால் ஓட்டத்தை நடையாக்கி, நாய் இருக்கிற பக்கம் நீங்கள் மாறிக்கொள்ளுங்கள்.

விழுந்தால்

விழத்தான் செய்வார்கள், நீங்களும் விழுவீர்கள். உடனே தூக்காதீர்கள். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள், எழுந்திருக்க அவரே கை நீட்டுவார். சுற்றிக் கூட்டம் சேர்ந்து "ஐயோ பாவம்" என்று தொடங்கினால் அவர்களை விலக்குவது உங்கள் வேலை. தலையில் அடி என்றால் யோசிக்காமல் 108.

போட்டிக்குப் போவதென்றால்

கைடு இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது, முடிவுக்கோட்டை ஓட்டக்காரர்தான் முதலில் கடக்க வேண்டும். கடைசி மீட்டர்களில் அரையடி பின்வாங்கப் பழகாத கைடு ஒருவருடைய ஒரு வருஷ உழைப்பைக் கெடுத்துவிடுவார். கயிறு கையை விட்டுப் போகவும் கூடாது. பாரிஸ் பாராலிம்பிக் மராத்தானில் ஸ்பெயினின் எலெனா கோங்கோஸ்ட் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார், முடிவுக்கோட்டுக்குச் சில அடி முன்னால் தசைப்பிடிப்பில் தடுமாறிய தன் கைடைப் பிடிக்க ஒரு கணம் கயிற்றை விட்டார், தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் கைடாக வருகிறவர் தண்ணீர், உப்பு, தூக்கம் எல்லாவற்றிலும் ஓட்டக்காரருக்குச் சமமாகத் தன்னைத் தயார் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டாம். 5,000 மீட்டர் போன்ற நீண்ட ஓட்டங்களில் இரண்டு கைடு மாறிக்கொள்ள விதியில் இடமுண்டு.

பயணத்துக்கு முன்னால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மருத்துவச் சான்று இரண்டையும் சரிபார்த்துவிடுங்கள். ரயிலில் பார்வையற்றவருக்கும் உடன் போகிற ஒரு துணையாளுக்கும் கட்டணச் சலுகை உண்டு. கிருஷ்ணகிரி நகரத்துக்குத்தான் ரயிலே இல்லையே என்பீர்கள், ஆமாம், ஓசூரோ தருமபுரியோ ஜோலார்பேட்டையோ போய்த்தான் ஏற வேண்டும், அந்த முதல் பஸ் பயணத்துக்கும் துணை வேண்டும்.

முட்டி ஒத்துழைக்காதவர்கள் இதோடு படிப்பதை நிறுத்த வேண்டாம். நீளம் தாண்டுகிறவருக்கு எதிரே நின்று கை தட்டியும் குரல் கொடுத்தும் திசை காட்ட ஆள் வேண்டும். உள்ளே சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள் போட்ட, உருளும்போது சத்தம் வருகிற பந்தில் ஆடும் கிரிக்கெட்டுக்குப் பந்து பொறுக்க ஆள் வேண்டும். பரீட்சை எழுதித் தர ஆள் எப்போதும் பற்றாக்குறை.

போனவரை எப்படி நினைப்பது

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். ஓட்டம் ஓட்டக்காரருடையது, நினைவு உங்களுடையது. உங்கள் அப்பாவின் படத்தை அவருடைய பனியனில் அச்சடித்துப் போடச் சொல்லாதீர்கள். படத்தில் என்ன இருக்கிறது என்றே சொல்லாமல் போட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், அது அவர் மேல் பேனர் கட்டுவதுதான். உங்கள் பனியனில் போட்டுக்கொள்ளுங்கள். அல்லது அப்பாவின் துண்டிலிருந்து ஒரு கீற்று கிழித்துக் கயிறாகப் பின்னிக்கொள்ளுங்கள், ஓட்டக்காரரிடம் சொல்லிவிட்டு. சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் வேறு கயிறு.

திதி ஒவ்வொரு வருஷமும் வேறு தேதியில் வரும், ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளயம் எல்லாம் அப்படித்தான். வீட்டுச் சடங்கை வீட்டில் முடியுங்கள், ஓட்டத்தை அதோடு கட்டாதீர்கள். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கலில் நீராடி அங்கேயே நினைவு ஓட்டம் வைக்கலாம் என்று ஒருத்தர் யோசனை சொன்னார். அந்தக் கூட்டத்தில், அந்த வழுக்குப் பாறையில் பார்வை உள்ளவனே கால் ஊன்ற முடியாது. கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று காலையில் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள் செய்வதுதான் எனக்குச் சரியென்று படுகிறது.

பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு சின்ன நினைவு ஓட்டம் வைக்கலாம் என்று தோன்றினால் வையுங்கள். விளையாட்டரங்கத்தில் முன்அனுமதி, சாலை என்றால் காவல்துறை அனுமதி, முதலுதவி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், இவ்வளவுதான். பேனர் காசை ஷூவுக்குக் கொடுங்கள். படங்களை வரிசையாக வைத்து மாலை போடுவதால் வந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு எதுவும் தெரியப்போவதில்லை, அதனால் பெயர்களை உரக்க வாசியுங்கள். ஒவ்வொருவரும், ஓட்டக்காரர்களும் சேர்த்துத்தான், தங்களுக்கு வேண்டிய ஒருவர் பெயரையும் அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தையும் சொல்லட்டும், அது முகமாக இல்லாமல் குரலாகவோ வாசனையாகவோ அவர் வண்டியின் சத்தமாகவோ இருக்கட்டும். ஒரு ஓட்டக்காரர் தன் தாத்தாவைப் பற்றி "பீடியும் விபூதியும் கலந்த வாசனை" என்று சொன்னபோது எனக்கு அம்மாவின் குரல் செய்திகள் பழைய போனிலேயே கிடப்பது ஞாபகம் வந்தது. உங்களிடமும் கிடக்கும், இன்றைக்கே வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

நம் மாவட்டங்களில் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் நடுகல் நிற்கிறது, தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாகவே வைத்திருக்கிறார்கள். தருமபுரிப் பக்கம் ஓட்டம் வைத்தால் அடுத்த நாள் அனுமதி கேட்டு ஓட்டக்காரர்களை அங்கே கூட்டிப்போகலாம். தொட அனுமதி கிடைத்தால் வில், வாள், மாடு எல்லாம் விரலுக்குத் தெரியும். கிடைக்காவிட்டால் நீங்கள் வாயால் சொல்ல வேண்டும், இத்தனை நாள் பழகிய குரல் அதற்கும் உதவும்.

கண்தானம் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள்

இறந்தவர் நினைவு, பார்வையற்றவர், இரண்டும் சேர்ந்தாலே இந்தக் கேள்வி வரும். தெரிந்துகொள்ளுங்கள்: கண்தானத்தில் பயன்படுவது கருவிழி. கருவிழி கெட்டதால் பார்வை போனவருக்குத்தான் அது உதவும். விழித்திரையோ பார்வை நரம்போ பாதிக்கப்பட்டவருக்கு உதவாது, உங்களோடு ஓடுகிறவர் அந்த வகையாக இருக்கலாம். அவரிடம் போய் "எங்கம்மா கண்ணை உங்களுக்கு வச்சிருக்கலாமே" என்று சொல்லாதீர்கள். இன்னொன்று, விழித்திரைக் கோளாறால் பார்வை இழந்தவரின் கருவிழி நன்றாக இருந்தால் அவரே கண்தானம் செய்யலாம்.

வீட்டில் ஒருவர் இறந்தால் ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குச் சொல்ல வேண்டும். கண் இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையணை வைத்துத் தலையைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். கண்ணாடி போட்டவர், சர்க்கரை நோயாளி, கண்புரை அறுவை செய்தவர் எல்லோரும் கொடுக்கலாம். எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமி, வெறிநாய்க்கடி நோய் போன்றவற்றால் இறந்தவர்களிடம் எடுக்க மாட்டார்கள். உயிரோடு இருக்கும்போது எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை, நெருங்கிய உறவினர் சம்மதித்தால் போதும். முகம் விகாரமாகாது. பக்கத்தில் இருக்கிற கண் வங்கியின் எண்ணை அரசு மருத்துவமனையில் கேட்டு இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள், சாவு வீட்டில் யாரும் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

நிறுத்த வேண்டி வந்தால்

வேலை மாறும், ஓசூரில் ஷிஃப்ட் மாறும், கல்யாணமாகி ஊர் மாறுவீர்கள். ஒரு மாதம் முன்னாலேயே ஓட்டக்காரரிடம் சொல்லுங்கள். புதிதாக வருகிறவரை முதல் சில நாள் பக்கத்தில் ஓடச் செய்து, நீங்கள் இருவரும் பழக்கி வைத்திருக்கிற சொற்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், எந்தப் பக்கம் பிடிப்பார், எந்த வளைவில் தயங்குவார், ஓடும்போது பேச்சு பிடிக்குமா பிடிக்காதா என்பது உட்பட. கயிறு ஓட்டக்காரரிடமே இருக்கட்டும்.